இரண்டு கிழமைக்கென்று வந்தோம்

எனக்கு வேலை போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நான் நாலு வருடம் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த கொம்பனியை அதைவிடப் பெரிய கொம்பனி ஒன்று வாங்கியிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளர் பதிவேடு செய்து கொடுத்துவந்த எங்கள் பகுதி புதியவர்களுக்குத் தேவைப்படவில்லை. பன்னிரண்டு பேரை ஒரே அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அன்றைக்குப் போனது வேலை மட்டும். எனக்கு அந்த நாட்டில் இருக்கிற உரிமையும் சேர்ந்து போனது.

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதை மட்டும் குறை சொன்னதாகிவிடும். என் விசா கொம்பனியின் பேரில் இருந்தது. கொம்பனி என்னை விட்டால் இன்னொரு கொம்பனி உடனே என் பேரில் மனுப் போடவேண்டும். இடையில் ஒரு நாள்கூட விழக்கூடாது. விழுந்தால் அதை மன்னிப்பதும் மன்னிக்காததும் எங்கேயோ ஒரு மேசையில் இருக்கிற அதிகாரியின் விருப்பம். எனக்குப் பத்தொன்பது நாள் விழுந்தது.

பத்தொன்பதாம் நாள், அதே நோயாளர் பதிவேட்டு வேலைக்கு நல்லதொரு கொம்பனி என்னை எடுத்தது. அவர்களுடைய லோயர் மனுப் போட்டார். "இது எல்லோருக்கும் நடக்கிறதுதான், யோசிக்காதீர்கள்" என்று அலுவலகத்தில் ஆட்களைப் பார்க்கிற பெண் சொன்னாள். நானும் யோசிக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இந்தக் கொம்பனியில் இவர் வேலை செய்யலாம், ஆனால் நாட்டுக்குள் இருந்தபடி செய்யமுடியாது, சொந்த நாட்டுக்குப் போய் அங்குள்ள தூதரகத்தில் புது விசா குத்திக்கொண்டு திரும்பி வரட்டும் என்று அதில் இருந்தது. கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். என் மேலதிகாரி ஒரு தரம் வாசித்துவிட்டு, "இரண்டு கிழமை லீவு போதும்தானே?" என்று கேட்டார்.

ஆக, நாங்கள் மூன்று பேரும் கொழும்புக்கு வந்தோம். என் மனைவி கொழும்பிலேயே கொட்டாஞ்சேனைக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. அங்கேயே பிறந்தவள். அவளுடைய நீலச் சைக்கிளை வீட்டு வரவேற்பறையில் நிறுத்திவிட்டு, அதற்குப் பூட்டுப் போடவேண்டும் என்று அடம்பிடித்துப் பூட்டும் போட்டுவிட்டுத்தான் புறப்பட்டாள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாவது மாடியில் என் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். அங்கேதான் தங்கினோம். சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். வீட்டில் யார் வந்து தங்கினாலும் பொலிசில் பதியவேண்டும். வந்த மறுநாள் காலையே அத்தான் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வந்த காரணம் எண்டு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

"விசா எடுக்க எண்டு எழுதுங்கோ."

"எத்தனை நாள்?"

"பதினாலு."

அத்தான் எழுதிவிட்டு, "பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு போட்டா நாலு கேள்வி கூடக் கேப்பாங்கள். ஆனா வேற என்னத்தைப் போடுறது" என்றார். பொலிசில் கேள்விகள் கேட்டார்கள், முத்திரை குத்தித் தந்தார்கள். அந்தத் தாளை எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும்படி அத்தான் சொன்னார். நான் பிறந்த நாட்டில் பதினாலு நாள் இருப்பதற்கான காரணத்தைச் சட்டைப் பையில் கொண்டு திரிந்தேன்.

தூதரகம் கொள்ளுப்பிட்டியில். விடியற்காலையிலேயே வாசலில் வரிசை நின்றது. என்னிடம் எல்லாக் காகிதங்களும் இருந்தன. கொம்பனிக் கடிதம், சம்பளச் சீட்டு, வரி கட்டிய சான்று, பட்டப்படிப்பு, கலியாணப் பதிவு, மகளின் பிறப்புப் பதிவு. எல்லாவற்றையும் நிறம் நிறமான உறைகளில் மனைவி அடுக்கித் தந்திருந்தா. யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என்னைவிட இளையவர். மரியாதையாகத்தான் கதைத்தார். உறைகளில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

"பழைய வேலை முடிந்ததற்கும் புது மனுவுக்கும் இடையில் பத்தொன்பது நாள் இருக்கிறதே. அந்த நாட்களில் என்ன செய்தீர்கள்?"

"வேலை தேடினேன்."

"வேலை ஏதும் செய்தீர்களா?"

"இல்லை."

"சாப்பாட்டுக்கு?"

"சேமிப்பு இருந்தது."

அவர் எதையோ தட்டச்சு செய்தார். பிறகு, எங்கே பிறந்தேன், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் யாழ்ப்பாணத்தை விட்டேன், சகோதரர்கள் எங்கே என்று கேட்டார். இந்தக் கேள்விகளைப் போன கிழமை பொலிசில் இன்னொரு மேசையில் இன்னொரு மொழியில் கேட்டிருந்தார்கள். பதிலும் அதேதான். கடைசியில் மஞ்சள் நிறத் தாள் ஒன்றை யன்னலுக்கு அடியால் தள்ளினார். உங்கள் விண்ணப்பம் மேலதிக பரிசீலனைக்கு உட்படுத்தப்படுகிறது என்று அதில் அச்சடித்திருந்தது.

"எவ்வளவு காலம் எடுக்கும்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. கூப்பிடுவோம்."

பாஸ்போர்ட்டுகளை அவர்களே வைத்துக்கொண்டார்கள். மகளின் பாஸ்போர்ட்டை மட்டும் திருப்பித் தந்தார்கள். அவள் அவர்களுடைய நாட்டுக்காரி, அவளுக்கு அங்கே போக யாருடைய விசாவும் தேவையில்லை.

பதினாலாம் நாள் வந்தது, போனது. முதல் மாதம் மேலதிகாரி கிழமைக்கொரு தரம் போன் எடுத்தார். இரண்டாம் மாதம் மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றாம் மாதம் நான் அனுப்பினால் பதில் அனுப்பினார். நான் கொழும்பிலிருந்தபடி வேலை செய்கிறேன் என்று கேட்டுப்பார்த்தேன். நோயாளர் விபரங்களை நாட்டுக்கு வெளியே திறந்து பார்க்க அனுமதியில்லை என்றார். பொலிஸ் பதிவை அத்தான் இரண்டு தரம் புதுப்பித்தார். இரண்டாம் தரம் பொலிஸ்காரர், "பதினாலு நாள் எண்டு சொன்ன ஆள் ஏன் இன்னும் போகேல்லை?" என்று கேட்டாராம். "அவங்கள் விடுறாங்கள் இல்லை, நீங்களும் நம்புறீங்கள் இல்லை, அவன் எங்கதான் போறது எண்டு கேக்க வாய் வந்தது. கேக்கேல்லை" என்றார் அத்தான்.

அங்கே எங்களுக்கு வீட்டுக் குத்தகை முடிகிற நாள் வந்தது. வீட்டுத் திறப்பு ஒன்று நண்பனிடம் இருந்தது. அந்த நகரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே தமிழ் நண்பன் அவன். வீட்டைக் காலி செய்து தருவதாகச் சொன்னான். இங்கே விடிந்து ஆறரை மணி, அங்கே மாலை. வீட்டுக்குள் நின்றபடி போனில் ஒவ்வொரு பொருளாகக் கேட்டான்.

"சோபா?"

"யாருக்கும் குடு."

"குளிருக்குப் போடுற கோட் மூண்டு தொங்குது."

"குடு."

"புத்தகம் நாலு பெட்டி வரும்."

"நீ வைச்சிரு."

"பிள்ளையின்ர சைக்கிள்? பூட்டிக் கிடக்கு. திறப்பு எங்க?"

திறப்பு மகளிடம் இருந்தது. வெள்ளவத்தையில் அக்கா வீட்டு அலுமாரிக்குள், அவளுடைய சின்னக் கைப்பைக்குள். "பூட்டோட குடு" என்று சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் ஏழு வருட வாழ்க்கை முடிந்தது. அவன் களைத்துப்போய், "மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலை அவன் போன் எடுத்தபோது நான் கீழே பாண் வாங்கப் போயிருந்தேன். மனைவிதான் எடுத்திருக்கிறா. நான் படியேறி வந்தபோது அவ குசினி வாசலில் நின்றா. அக்கா அடுப்படியில் எங்களுக்கு முதுகு காட்டியபடி நின்றா.

"மூணாம் நாளே ஒங்களுக்கு ஒரு வேலை வந்ததா?"

நான் பாணை மேசையில் வைத்தேன்.

"அவர் சொன்னார். பாவம், எனக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் சொன்னார். அந்தக் கொம்பனிக்கே போயிருந்தா இவ்வளவும் இல்லையேன்னு."

அது உண்மை. வேலை போன மூன்றாம் நாள் அந்த நண்பன் என்னை ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவருடையது, ஆட்களைத் தன் பேரில் எடுத்து மற்றக் கொம்பனிகளுக்கு அனுப்புகிற சின்னக் கொம்பனி. அவர் அன்றைக்கே மனுப் போடத் தயாராக இருந்தார். ஆனால் வேலை, மற்றவன் எழுதிய மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறது. நான் எட்டு வருடத்துக்கு முன்னால் செய்த வேலை. சம்பளமும் கீழே. அவர் என் பட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இங்க ஆர் பாக்கிறது" என்று சொன்ன விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இதைவிட நல்லது கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கிடைத்ததுதான், பதினாறு நாள் கழித்து. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போகச் சொல்லியிருப்பா. அதனால்தான் சொல்லவில்லை.

"நான் எல்லாரிட்டயும் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டா. "கொம்பனி மோசம், லோயர் மோசம், அந்த நாடு மோசம்னு. அக்காட்ட, அம்மாட்ட, கோயில்ல பாக்கிற ஆட்களிட்ட. நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டிக்கிட்டு இருந்தீங்க."

"தெரிஞ்சுதான் செய்தனான் எண்டு நினைக்காதை. இப்பிடி ஆகும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியாதுதான். எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

அன்று பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டா. நான் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்கப் போவேன். பஸ்ஸில் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டையும் பொலிஸ் தாளும் பார்ப்பார்கள். போய்ச் சேர்ந்தால், துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்ற மாமா வாசலில் உட்கார்ந்திருப்பார். என்னிடம் ஒரு நாளும் சத்தம்போட்டுக் கதைத்தவரில்லை. அந்த நாட்களில் மட்டும் ஒரு தரம் சொன்னார். "மருமகன் அங்க பெரிய ஆள்னு நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டேன். இப்ப பூசைக்குப் போற வழியில எல்லாரும் கேக்கிறாங்க, எப்ப போறாங்கன்னு. என்ன சொல்லட்டும்?" நான் மகளுடன் உள்ளே போய்விட்டேன். அவருக்குச் சொல்ல ஒரு பொய்யையாவது நான் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இதற்குள்ளேதான் அது நடந்தது. மகள் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு இலங்கைக்கு வந்தவள். அவள் பிறந்தபோது இலங்கைப் பதிவைச் செய்யவில்லை. செய்யலாம், செய்யலாம் என்று தள்ளிப்போட்டது. விசாவை ஒரு தரம் நீட்டிவைத்திருந்தோம். அந்த நீட்டிப்பு முடிகிற நாள், நாங்கள் பிரிந்திருந்த நாட்களுக்குள் வந்தது. நான் பார்த்துக்கொள்வேன் என்று அவ இருந்தா. பாஸ்போர்ட் அவவிடம்தானே என்று நான் இருந்தேன். எட்டு நாள் கழித்துத்தான் மனைவி கண்டுபிடித்து எனக்கு எடுத்தா. சண்டை பிடித்த பிறகு அவ எனக்கு எடுத்த முதல் போன் அதுதான்.

"பிள்ளைக்கு இந்த நாட்டுல இருக்க விசா இல்ல."

குடிவரவு அலுவலகம் அப்போது மருதானைப் பக்கம் இருந்தது. மூன்று பேரும் போனோம். தமிழ்ப் பெயர், வெளிநாட்டுப் பாஸ்போர்ட், காலம் கடந்த விசா. சண்டைக் காலத்தில் இந்த மூன்றும் ஒன்றாக ஒரு மேசைக்குப் போனால் என்ன நடக்கும் என்று வழி முழுவதும் நினைத்துக்கொண்டு போனேன். மேசையில் இருந்தவ ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். பாஸ்போர்ட்டைப் புரட்டினா, மகளை எட்டிப் பார்த்தா.

"அம்மா இலங்கை, அப்பா இலங்கை, பிள்ளை மட்டும் வெளிநாடா?" என்று சிங்களத்தில் கேட்டா.

"ஓம், மிஸ். அங்கே பிறந்தவ."

"இந்த எட்டு நாள் ஏன் வரவில்லை?"

மனைவிதான் சிங்களத்தில் சொன்னா. "வீட்டில் கொஞ்சம் பிரச்சினை, மிஸ். மறந்துவிட்டோம்."

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றைத் தந்து காரணத்தை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னா. தகப்பனின் கவனக்குறைவு என்று எழுதினேன். அதை வாசித்து, உள்ளே கொண்டுபோய்க் காட்டி, ஒரு சின்னத் தண்டப்பணத்தைக் கட்டவைத்து, முத்திரை குத்தித் தந்தா. "மல்லி, பிள்ளையைப் பதிந்துவிடு. ஒவ்வொரு தரமும் இப்படி அலையத் தேவையில்லை" என்று, தன் தம்பிக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டா.

எல்லாமாக அரை மணித்தியாலம் ஆகவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்த எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது, அந்த அம்மா மேல் இல்லை. எட்டு நாளை ஒரு மனுசி ஒரு வெள்ளைத் தாளில் முடித்துவிட்டா. என் பத்தொன்பது நாளை எத்தனையோ பேர் எத்தனையோ மாதமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முடிக்க நினைத்தால் முடிக்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதுவரைக்கும் அது முடியாத காரியம் என்று என்னைத் தேற்றி வைத்திருந்தேன்.

வாசலில் மகள் தாயின் கையை இழுத்து, "நாங்க இனி வீட்டுக்குப் போகலாமா?" என்று இங்கிலிஷில் கேட்டாள்.

"எந்த வீட்டுக்கு?" என்று மனைவி கேட்டா. அவள் யோசித்தாள். பிறகு, "மாமி வீட்டுக்கு" என்றாள், என் அக்காவைச் சொல்லி. அன்றைக்கு மூன்று பேரும் வெள்ளவத்தைக்கே வந்தோம். மனைவி என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. உடுப்புப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தா, அவ்வளவுதான்.

ஐந்தாம் மாதம் புதுக் கொம்பனியின் மின்னஞ்சல் வந்தது. நாலு வரி. இடத்தை இனியும் வைத்திருக்க முடியவில்லை, வருந்துகிறோம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். ஏழாம் மாதம் தூதரகத்திலிருந்து போன் வந்தது. உங்கள் பரிசீலனை முடிந்துவிட்டது, வந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். போய் எடுத்தேன். எனக்கும் மனைவிக்கும் அழகாக விசா ஒட்டியிருந்தது. என்னுடையதில் என்னை இனி வேண்டாம் என்று சொன்ன கொம்பனியின் பெயர் அச்சாகியிருந்தது. கொள்ளுப்பிட்டிப் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி அதைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கிடைச்சிட்டுதா தம்பி? நீங்கள் அதிர்ஷ்டசாலி" என்றார். ஓம் என்றேன்.

வேலை இல்லாமல் அந்த விசாவில் போகக்கூடாது. லோயரும் அதைத்தான் சொன்னார். விமான நிலையத்தில் எங்கே வேலை செய்கிறீர் என்று கேட்டால் கொம்பனியின் பெயரைச் சொல்லவேண்டும், சொன்னால் அது பொய், பிடிபட்டால் பிறகு ஒரு நாளும் போகமுடியாது. இருந்தாலும் இரண்டு நாள் நான் விமானச் சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போய்ப் பார், திருப்பி அனுப்பினா வா. இதைவிட என்ன வரப்போகுது?" என்றார் அத்தான்.

மனைவி மேசையில் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தா. நிமிராமலே, "ஒரு தரம் சொல்லாம விட்டீங்க. இப்பப் பொய்யும் சொல்லணுமா?" என்றா.

நான் கணினியை மூடிவைத்தேன்.

கொழும்பிலேயே கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அவர்களுக்கு மற்றவன் எழுதிய மென்பொருளில் பிழை பார்க்கிற ஆள்தான் தேவைப்பட்டது. அன்றைக்கு நான் வேண்டாம் என்று எழும்பிவந்த அதே வேலை. மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன். மனைவி கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தா. நாங்கள் கல்கிசையில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தோம். மகளை இலங்கைப் பிரசையாகப் பதிந்தோம். சண்டை முடிந்தது, பொலிஸ் பதிவும் நின்றது. மனிதர்கள் எங்களிடம் எப்ப போறீங்கள் என்று கேட்பதும் மெல்ல மெல்ல நின்றது.

மகள் பதினெட்டு முடிந்ததும் படிக்க அங்கே போனாள். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லையாம். போய் இறங்கி எடுத்த முதல் போனில், "லைன்கூட இல்லை அப்பா" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் நல்லது என்றேன். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு பல்கனிக்குப் போய் நின்றேன்.

இரண்டு வருடம் கழித்து, அம்மா அப்பா இரண்டு பேரும் வந்து பாருங்கள் என்று எழுதினாள். மனைவி ஒரு சனிக்கிழமை விசாப் படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தன்னுடையதை நிரப்பி முடித்தா. பிறகு என்னைக் கூப்பிட்டா.

"ஒங்களுக்கும் போடட்டா?"

"வேண்டாம். நீ போயிட்டு வா."

இன்னொரு தரம் கேட்பா என்று நான் எதிர்பார்த்தேன். அவ கேட்கவில்லை. ஒரு மாதம் போய் மகளோடு நின்றுவிட்டு வந்தா. அங்கே என்ன பார்த்தா, எங்களுடைய பழைய தெருவுக்குப் போனாவா என்று நானும் கேட்கவில்லை.